ஒன்பதாவது கேள்வி

போன வாரம் இந்த இடத்தில் என்னைக் காணவில்லையே என்று சில வாசகர்கள் போன் செய்து கேட்டார்கள். உடம்பு சரியில்லையா என்று ஒருவர். ரொறன்ரோ போய்விட்டீர்களா என்று இன்னொருவர். மூன்றாமவர், எழுதுவதையே விட்டுவிட்டீர்களா என்று கேட்டார் – குரலில் கொஞ்சம் ஆவல் தெரிந்தது.

விடவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்குள் பத்தியை அனுப்பிவிட வேண்டும் என்பது ஆசிரியருக்கும் எனக்கும் உள்ள ஏற்பாடு. போன செவ்வாய் ஏழு மணிக்கு நான் எங்கள் நகரப் பிரிவின் சபை மண்டபத்தில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஆறடிக்கு மேல் உயரமான ஓர் அமெரிக்கர், என் முழங்கையை இறுகப் பிடித்தபடி. என் மகளும் அவருடைய பேத்தியும் இனி எங்கே போவார்கள் என்பது அன்றைக்குத்தான் முடிவாக இருந்தது. அந்த நிலையில் யாருக்குப் பத்தி வரும்?

முதலிலிருந்தே சொல்கிறேன்.

அமெரிக்கரின் பெயர் வால்டர். ஓஹாயோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் முப்பது வருடம் குடியியல் ஆசிரியராக இருந்தவர். அதாவது, அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது அவர் வேலை. மனைவி தவறிய பிறகு மொன்றியலில் இருக்கும் மகளிடம் வந்துவிட்டார். மகள் வேலைக்குப் போகிறாள். பேத்தியை மாலையில் கார்டரியிலிருந்து கூட்டிக்கொண்டு வருவது தாத்தாவின் பொறுப்பு.

கார்டரி என்றால் உங்களுக்குத் தெரியும் – வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். எங்கள் கார்டரி நகரசபைக்குச் சொந்தமான ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கதவைத் திறந்தால் சூப் வாசனை. சுவரில் சின்னச் சின்னக் கொளுக்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சின்னக் கோட்டு. நான் ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை செய்கிறேன். விடிய முன்னரே போய் மூன்று மணிக்கு முடித்துவிட்டு, நாலு மணிக்கு மகளைக் கூட்டிவரப் போவேன். அங்கேதான் வால்டர் பழக்கமானார்.

மனிதருக்குக் கனடா என்றால் அப்படி ஒரு காதல். நாங்கள் ஹொக்கி பார்ப்பதுபோல அவர் ரீவியில் பாராளுமன்றம் பார்ப்பார். கேள்வி நேரத்தை ஒருநாளும் விடமாட்டார்.

“உங்கள் பிரதமர் எழுந்து நிற்கிறார். எதிரே இருப்பவன் முகத்துக்கு நேரே கேள்வி கேட்கிறான். இவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிகிறதா?” என்றார் ஒருநாள்.

அவர் சொல்வது பதிலே இல்லையே என்றேன்.

“பரவாயில்லை. எழுந்து நிற்க வேண்டியிருக்கிறதே…”

எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் மீன்சந்தை என்று சொல்லி சனலை மாற்றுகிற இடத்தில் இவருக்கு ஜனநாயகம் தெரிகிறது. இங்கேயும் கள்ளர் உண்டு ஐயா, ஒட்டாவாவில் விசாரணைக் கமிஷன் வைத்து நாறியது தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றார். பெரிய பெரிய தலைகள் கதிரையில் உட்கார்ந்து பதில் சொன்னதைத் தானும் பார்த்ததாகச் சொன்னார். நான் சிறுமையாகச் சொன்னதையும் அவர் பெருமைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். காதல் வந்துவிட்டால் அப்படித்தான். மூக்குச் சளியும் முத்தாகத் தெரியும்.

ஏப்ரல் மாதம், தெருவோரத்துப் பனி கறுத்துக் கரைந்துகொண்டிருந்த ஒரு நாள், கார்டரிக் கதவில் ஒரு கடிதம் ஒட்டியிருந்தது. பிரெஞ்சில், முத்திரையோடு. கட்டிடம் நகரப் பிரிவின் அனுமதிப் பத்திர அலுவலகத்துக்குத் தேவைப்படுகிறது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது. ஓகஸ்ட் முடிவுக்குள் இடத்தைக் காலி செய்யவும். கீழே மேயரின் கையெழுத்து.

மொன்றியலில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி மேயர், தனிச் சபை. எந்தப் பிரிவு என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

அந்தக் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு பெண் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் பெயர் ஜெசிந்தா. மன்னார்ப் பிள்ளை. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கிறாள். டோர்வலில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் வேலை. தட்டுகளில் பணிஸும் பழமும் அடுக்குவாள். கணவன் இரவு வேலை, அதுவும் தற்காலிகம். மகன் அன்ரனுக்கு மூன்று வயது.

மற்றவர்களுக்கு இது கரைச்சல். அவளுக்கு அதைவிடப் பெரியது. அவள் தாயையும் தகப்பனையும் இங்கே கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தாள். அவர்கள் சண்டையில் வீட்டை விட்டு ஒரு தேவாலய வளவில் தங்கியிருந்தார்கள். ஸ்பொன்சர் முடியும்வரை அவள் வேலையில் இருந்தாக வேண்டும். வேலையில் இருக்க வேண்டுமானால் கார்டரி வேண்டும். வேறு கார்டரிகளில் கேட்டால் இரண்டு வருடத்துக்குக் காத்திருப்போர் பட்டியல்.

“வேலையை விட்டனெண்டால் அம்மாவை வரவேண்டாம் எண்டு சொன்ன மாதிரித்தான் அண்ணை” என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என்ன செய்வது?

பெற்றோர் எல்லோரும் ஒரு சனிக்கிழமை கூடினோம். எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவரும் வந்திருந்தார். அவருக்கு எழுபது வயது. கூட்டம் என்று எங்கே சத்தம் கேட்டாலும் போய்விடுவார். அவருடைய யோசனை என்ன தெரியுமா? மேயரை ஒரு விழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, நாலு வார்த்தை புகழ்ந்து, மனம் குளிர்ந்திருக்கும் நேரம் பார்த்து விஷயத்தைக் காதில் போடுவது.

வால்டரின் யோசனை நேர் எதிர். வக்கீல் பிடிக்க வேண்டும். மேயரின் படத்தைப் பெரிதாக அடித்து, ‘குழந்தைகளைத் தெருவில் விட்டவர்’ என்று மெற்றோ வாசலில் ஒட்ட வேண்டும். ரீவிக் கமராக்களைக் கூப்பிட வேண்டும். இத்தனைக்கும் கனடாவின் மென்மையான அரசியலைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறவர். பழக்கம் விடுமா?

என் யோசனையைக் கேட்கிறீர்களா? சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவர்கள் எப்போதோ முடிவு எடுத்துவிட்டார்கள், ஒன்றும் ஆகாது, வேறு இடம் பாருங்கள் என்றேன். வாரா வாரம் நாட்டுக்குப் புத்தி சொல்கிற ஆள் நான். இந்த ஊருக்கு வந்து பதினெட்டு வருடம். ஒரு முறைகூடச் சபைக் கூட்டத்துக்குப் போனதில்லை.

கார்டரியை நடத்தும் ஹெயிட்டிப் பெண்மணிதான் சாதாரணமாக ஒரு தகவல் சொன்னார். மாதம் ஒருமுறை சபை கூடும். கூடியதும் முதல் வேலை, பொதுமக்கள் கேள்வி கேட்கும் நேரம். ஆறரை மணிக்குப் போய்ப் பெயர் எழுத வேண்டும். பத்துப் பேருக்கு இடம் உண்டு. ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரு கேள்வி, அதன்பின் ஒரு துணைக் கேள்வி. மேயர் அங்கேயே பதில் சொல்ல வேண்டும்.

வால்டர் அவரை மறுபடி சொல்லச் சொன்னார். யார் வேண்டுமானாலும் கேட்கலாமா? யார் வேண்டுமானாலும். கேள்வியை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டாமா? வேண்டாம். பிரஜை இல்லாதவரும் கேட்கலாமா? இங்கே குடியிருந்தால் போதும்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது வால்டர் ஒரு கதை சொன்னார். பல வருடங்களுக்கு முன், ஒரு பெரிய பதவிக்குப் போட்டியிட்டவர் அவருடைய பள்ளிக்கூட மண்டபத்துக்கு வந்தாராம். கேள்விகளை ஒரு வாரம் முன்பே அட்டையில் எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். வால்டர் எழுதிக் கொடுத்தார். அவருடைய மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். கூட்டத்தில் வாசிக்கப்பட்ட ஒரு கேள்விகூட அவர்களுடையது இல்லை.

“தலைவர்களைக் கேள்வி கேட்பது குடிமகனின் உரிமை என்று முப்பது வருடம் சொல்லிக் கொடுத்தேன். நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை” என்றார்.

எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மந்திரி வந்தபோது எங்களை வெயிலில் நாலு மணி நேரம் கொடியோடு நிற்க வைத்தார்கள். கடைசியில் ஐந்து கார்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போயின. எந்தக் காரில் மந்திரி இருந்தார் என்று இன்றுவரை தெரியாது. அதை வால்டரிடம் சொன்னேன்.

சரி, கேள்வி கேட்பது என்று முடிவாகிவிட்டது. யார் கேட்பது? எல்லோரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். வேலையிடத்திலும் கார்டரியிலும் பழகிய பிரெஞ்சு அவளுக்கு ஓரளவு வரும். ஆனால் மைக் முன்னால் நின்றதில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்து, “நான் கேக்கிறன் அண்ணை. எனக்குத்தானே தெரியும் என்ன போகப்போகுதெண்டு” என்றாள்.

மே மாதக் கூட்டம். ஆறரை மணிக்கு மண்டபத்தில் நாங்கள் நாற்பது பேர். ஜெசிந்தாவைக் காணவில்லை. அன்றைக்குப் பார்த்து ஏதோ ஒரு விமானத்துக்குக் கூடுதல் தட்டுகள் கேட்டு, வேலை முடிந்தும் அவளை விடவில்லை. பெயர் எழுதும் மேசை ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மூடிவிட்டது. எங்களில் பெயர் எழுதியவர்கள் இரண்டே பேர். சங்கத் தலைவர், இலக்கம் இரண்டு. வால்டர், இலக்கம் ஒன்பது.

நான் ஏன் எழுதவில்லை? பிரெஞ்சு சரியாக வராது என்று சொன்னேன். ஆங்கிலத்திலும் கேட்கலாம் என்று மேசையில் இருந்த பெண் சொன்னாள். கேட்காததுபோல நகர்ந்துவிட்டேன்.

முதல் கேள்வி நாய்கள் உலாவும் பூங்காவைப் பற்றியது. இரண்டாவதாக எங்கள் தலைவர் எழுந்தார். கையில் ஒரு பை. பைக்குள் பொன்னாடை – மனிதர் கைவிடவில்லை. மாண்புமிகு மேயர் அவர்களே என்று ஆங்கிலத்தில் தொடங்கினார். சபை உறுப்பினர்களுக்கு வணக்கம் சொன்னார். கனடா நாட்டுக்கு நன்றி சொன்னார். கியூபெக் மாகாணத்துக்குத் தனியாக நன்றி சொன்னார். தமிழ் மொழியின் தொன்மையைத் தொட்டுக் காட்டினார். ‘ஆகவே’ என்று வந்தபோது மணி அடித்துவிட்டது.

மேயர் மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார். தலைவர் திரும்பி வந்து, பையை நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு, “இவங்களுக்கு ஒரு முன்னுரையும் விளங்காது” என்று முணுமுணுத்தார்.

மூன்று, நாலு, ஐந்து… தெருப் பள்ளம், குப்பை வண்டி, சைக்கிள் பாதை. ஏழாவது கேள்வி நடக்கும்போது பின்கதவு திறந்தது. ஜெசிந்தா. தலையிலிருந்த வலைத்தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. பெயர் எழுதும் நேரம் முடிந்துவிட்டது என்று நான் சைகை காட்டினேன். அவள் கதவோடு சாய்ந்து நின்றுவிட்டாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“இலக்கம் ஒன்பது.”

வால்டர் எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். கையில் ஒரு வாரமாக எழுதி எழுதித் திருத்திய காகிதம் இருந்தது. அவர் மைக்குக்கு நேரே போகவில்லை. பின்கதவுக்குப் போனார். ஜெசிந்தாவின் காதில் ஏதோ சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து மைக் முன்னால் வந்து நின்றார்கள். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“மேயர் அவர்களே, என் கேள்வி ஒன்றுதான். என் பக்கத்தில் நிற்கும் இந்தப் பெண் வேலையிலிருந்து நேரே வந்திருக்கிறாள். பெயர் எழுத நாற்பது நிமிடம் பிந்திவிட்டாள். அவளுடைய கேள்வியை நீங்கள் காது கொடுத்துக் கேட்பீர்களா?”

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். மேயர் அவரைப் பார்க்கவில்லை, ஜெசிந்தாவைப் பார்த்தார். கழுத்துப்பட்டி கட்டாத, ஐம்பது வயது மதிக்கத்தக்க மனிதர்.

“அதற்குப் பதில் ஆம்” என்றார். “மதாம், சொல்லுங்கள்.”

யோசித்துப் பாருங்கள். முப்பது வருடம் காத்திருந்த ஒரு கேள்வி. கடைசியில் மைக் கிடைத்தது. மனிதர் அதை இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு ஒரு பக்கமாக நின்றார்.

ஜெசிந்தா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். அவளுடைய பிரெஞ்சில் இலக்கணம் இருக்கவில்லை. ஆனால் ஒரு சொல்கூட வீண்போகவில்லை. கடிதத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது என்றாள். எங்கள் கார்டரிக்கு நீங்கள் வந்திருக்கிறீர்களா என்று கேட்டாள்.

மேயர் அதிகாரிகளின் அறிக்கை என்று ஏதோ தொடங்கினார். பிறகு நிறுத்தினார்.

“இல்லை. வந்ததில்லை” என்றார்.

துணைக் கேள்வி ஒன்று பாக்கி. அந்த இடத்தில் நானாக இருந்தால் என்ன கேட்டிருப்பேன்? பார்க்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டீர் என்று பாய்ந்திருப்பேன். கைதட்டு வாங்கியிருப்பேன். கார்டரியைத் தோற்றிருப்பேன்.

அவள் கேட்டது இது: “நாளைக்குக் காலமை ஆறரைக்கு மகனை விட வருவேன். அந்த நேரம் உங்களால் வர முடியுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மேயரும் சிரித்தார். சிரித்து முடிந்த பிறகும் அவள் மைக்கை விடவில்லை. பதில் வரவில்லையே.

“ஆறரைக்கு வருகிறேன்” என்றார் மேயர்.

வந்தாரா?

நான் நம்பவில்லை. ஆனாலும் சந்தைக்குப் பிந்தி வருவதாகச் சொல்லிவிட்டு, மகளையும் கூட்டிக்கொண்டு போய் நின்றேன். மழை தூறிக்கொண்டிருந்தது. ஆறரைக்கு ஒரு குடை தெரு முனையில் திரும்பியது. குடைக்குக் கீழே மேயர். தனியாக, நடந்து.

வால்டர் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கார், காவலர், கமரா, உதவியாளர்… ஒருவரையும் காணவில்லை. மற்றவர்கள் எங்கே என்று கேட்டே விட்டார். எந்த மற்றவர்கள் என்று மேயர் திருப்பிக் கேட்டார்.

உள்ளே நுழைந்ததும் ஒரு சங்கடம். என் மகள் வழியை மறித்துக்கொண்டு நின்றாள். சப்பாத்தைக் கழற்றாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்று பிரெஞ்சில் சொன்னாள். அது கார்டரி விதி. மேயர் மன்னிப்புக் கேட்டுக் கழற்றினார். இடது காலுறையில் பெருவிரலுக்கு நேரே ஓர் ஓட்டை. பிள்ளைகள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார்.

முக்கால் மணி நேரம் இருந்தார். குட்டிக் கதிரையில் முழங்கால் நாடியில் முட்ட உட்கார்ந்து, வேலைக்கு ஓடும் தாய்மார் ஒவ்வொருவரிடமும் எங்கே வேலை, எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஜெசிந்தா அன்ரனின் கோட்டைக் கொளுக்கியில் மாட்டிவிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். போகும் வழியில் அவரிடம் ஒரே ஒரு விஷயம் சொன்னாள். இந்தக் கட்டிடத்தின் மேல்மாடி பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

மேயருக்குத் தெரியாது. சாவி யாரிடம் என்று ஒருவருக்கும் தெரியாது. கடைசியில் ஹெயிட்டிப் பெண்மணி ஒரு தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மேலே போனோம். தூசி, உடைந்த கதிரைகள், பழைய கோப்புகள். ஜன்னல்கள் பெரியவை. இடம் கீழ்த்தளத்தின் அளவேதான்.

மேயர் நடுவில் நின்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். வாக்குறுதி ஒன்றும் இப்போது தர முடியாது, எல்லோரிடமும் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார்.

பிறகு நாலு வாரம் ஒரு சத்தமும் இல்லை. நான் சொன்னேனே என்று நான் சொன்னேன். வால்டர் பொறுங்கள் என்றார். அந்த மாதம் முழுவதும் ஜெசிந்தா எங்கள் வீட்டுக்கு மேலே நடக்கும் சத்தம் எங்களுக்குக் கேட்டபடியே இருந்தது. உட்கார முடியாதவர்களின் நடை.

இப்போது போன செவ்வாய்க்கு வருகிறேன்.

ஜூன் மாதக் கூட்டம். இந்த முறை ஜெசிந்தா நேரத்தோடு வந்து முன்வரிசையில் இருந்தாள். வால்டர் என் முழங்கையைப் பிடித்திருந்தார் என்று சொன்னேன் அல்லவா? கேள்வி நேரம் தொடங்குவதற்கு முன் மேயர் எழுந்தார். கையில் காகிதம் இல்லை.

ஏப்ரலில் ஒரு கடிதத்தில் கையெழுத்திட்டேன் என்று தொடங்கினார். பார்க்காத இடத்தைப் பற்றிய கடிதம் அது என்றார். அதிகாரிகள் தங்கள் வேலையைத்தான் செய்தார்கள், அவர்கள் மேல் குற்றம் இல்லை என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“தவறு என்னுடையது. இன்றைக்கு அதைத் திருத்துகிறோம்.”

அனுமதிப் பத்திர அலுவலகம் மேல்மாடிக்குப் போகும். கார்டரி கீழேயே இருக்கும். ஐந்து வருட ஒப்பந்தம். வாக்கெடுப்பு. ஒவ்வொரு கையாக உயர்ந்தது. கடைசியில் எதிர்க்கட்சிக்காரரின் கையும். மேயரோடு தான் உடன்படுவது இதுதான் முதல் தடவை, தன் மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்றார் அவர்.

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. நானும் தட்டினேன். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினேன். சங்கத் தலைவர் விசிலடித்தார் – எழுபது வயதில் அப்படி ஒரு விசில் அவருக்குள் இருந்தது யாருக்கும் தெரியாது. ஜெசிந்தா மட்டும் எழுந்திருக்கவில்லை. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏப்ரலில் வராத அழுகை, அன்றைக்குத்தான் வந்தது.

வால்டரின் கன்னமும் நனைந்திருந்தது. பதவியில் இருக்கும் ஒரு மனிதன் பக்கத்தில் வக்கீல் இல்லாமல் ‘தவறு என்னுடையது’ என்று சொல்லித் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார்.

வெளியே நடைபாதையில் நின்று விவாதித்தோம். இதை மேயரின் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது, நாற்பது பேர் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தோம், அவருக்கும் தேர்தல் வரும் என்றேன். கேட்கிற ஜனம் இருந்தால் எந்த நாட்டிலும் தலைவர்கள் திருந்துவார்கள் என்றும் சொன்னேன். எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு முத்தாய்ப்பு எப்போதும் கைவசம் இருக்கும்.

வால்டர் ஒத்துக்கொள்ளவில்லை. கேட்கிற ஜனம் தன் ஊரிலும் நிறைய உண்டு, அவர்கள் அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு இன்னும் காத்திருக்கிறார்கள் என்றார். கேட்க ஒரு மைக் வேண்டும், அதன் மறுபக்கத்தில் ஓட்டைக் காலுறையோடு வந்து பார்க்கத் தயாரான ஒரு மனிதரும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது ஆட்சி என்றார்.

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி. பதினெட்டு வருடமாக அந்த மைக் அங்கேதான் நின்றிருக்கிறது. மாதம் ஒருமுறை, பத்துப் பேருக்காக. நான்தான் போகவில்லை. பெரிய தலைவர்கள் இல்லையே என்று நாம் புலம்புகிறோம். நம் தெருவுக்குப் பொறுப்பான சின்னத் தலைவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

மறுநாள் ஜெசிந்தா தாயோடு போனில் கதைத்திருக்கிறாள். லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனதாம். கார்டரி மூடவில்லை, வேலை போகவில்லை, ஸ்பொன்சர் நிற்கிறது என்று எல்லாம் சொல்லியிருக்கிறாள். தாய் முதலில் கேட்ட கேள்வியை, எனக்குச் சந்தை வேலை இல்லாத ஒரு காலையில் என்னிடம் வந்து சொன்னாள்.

“மேயருக்கு என்ன குடுத்தனி பிள்ளை எண்டு அம்மா கேட்டவ, அண்ணை.”

“நீ என்ன சொன்னனி?”

“ஒண்டும் குடுக்கேல்லை அம்மா, கேள்விதான் கேட்டனான் எண்டு சொன்னன். அவவுக்கு விளங்கேல்லை. வாருங்கோ, வந்த பேந்து கூட்டிக்கொண்டுபோய்க் காட்டிறன் எண்டனான்.”

சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அவளுக்கு ஏழரைக்கு வேலை.

வால்டர் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. இவ்வளவு காதல் வைத்த மனிதர் இங்கேயே குடியேற விண்ணப்பம் போடுவார் என்றுதான் நான் நினைத்தேன். நேற்று மாலை கார்டரி வாசலில் கேட்டேன். இல்லையாம். வரும் மாதம் ஓஹாயோவுக்குப் போகிறாராம். அவருடைய ஊரில் பள்ளிக்கூடச் சபைக்கு நவம்பரில் தேர்தல். ஓர் இடம் காலியாக இருக்கிறதாம். நிற்கப் போகிறார். வென்றால், கூட்டத்தில் முதல் ஒரு மணி நேரம் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும். அட்டை கிடையாது. மகளிடம் சொல்லிவிட்டார், பேத்தியிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்றார். பேத்தி அவருடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

தோற்றுவிட்டால் என்று கேட்டேன். அடுத்த முறையும் நிற்பேன் என்றார், ஏதோ பஸ் தவறியதைப் பற்றிப் பேசுகிறவர்போல.

அமெரிக்காவுக்கு நாம் மரமும் கோதுமையும் அனுப்புகிறோம் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். இந்த முறை அவர்களுடைய ஆளையே வேட்பாளராக்கித் திருப்பி அனுப்புகிறோம்!